பதினாறு நாள் வைத்திருக்கும் பெட்டி

உங்களுக்குத் தீட்டுப் பார்க்கிற வழக்கம் உண்டா? இருந்தால் சொல்லிவிடுங்கள், அந்த மூலை ஸ்டூலுக்குப் போய்விடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு சாவு. நாளைக்குத்தான் பதினாறு. அதற்குள் கடைத்தெருவில் என்ன வேலை என்று என் அக்கா காலையில் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவளைச் சமாதானம் பண்ணி, கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மினி பஸ்ஸில் இந்த ரிப்பேர் கடைக்கு வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இல்லையா? நல்லது. அப்படியானால் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

கேட்டால் தப்பாக நினைக்க மாட்டீர்களே. உங்கள் கையில் இருக்கிற ஹார்ட் டிஸ்க், அதன் ஒயரை அப்படி இறுக்கிச் சுற்றாதீர்கள். உள்ளே நரம்பு விட்டுப்போகும். என்னுடையதுக்கு ஒயர் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. குட்டை ஒயர் நல்லது என்றார்கள், குட்டை வாங்கினேன். முன்பக்க ஓட்டையில் சொருகாதே, பின்பக்கம் சொருகு என்றார்கள், அதையும் செய்தேன். கறுப்பு ஓட்டை மெதுவாகப் போகும், நீல ஓட்டைதான் வேகம் என்றார்கள். நீலத்தில் சொருகினால் கறுப்பைவிட மெதுவாகப் போகிறது. வைரஸ் மருந்து குறுக்கே நிற்கும், அதை நிறுத்து என்றார்கள். நிறுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதில் காப்பி எடுக்கப் போட்டால் 'இன்னும் இருபத்தாறு மணி நேரம்' என்று காட்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இருபத்தேழு என்று காட்டும். நேரம் போகப் போக மீதி நேரம் கூடுகிற வேலையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் எண்ணுகிற வேலை. முப்பத்தெட்டு வருஷம் எண்ணினேன், லாரிக்காரனோடு ஒரு தடவைகூடத் தகராறு வந்ததில்லை. எனக்கு எண்ணத் தெரியும், பேச வராது. இப்போது இவ்வளவு பேசுவதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. வீட்டில் பதினைந்து நாளாக அழுகிறவர்களும் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறவர்களும்தான் வருகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கோடு ஒருவரும் வரவில்லை.

போனது என் வீட்டுக்காரி. வேலுத்தாய் என்று பேர்.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு காமிரா இருக்கிறது. பால் பாக்கெட் காணாமல் போய்க்கொண்டிருந்தது, அதற்காக மாட்டினேன். மாட்டின மூன்றாம் நாளே திருடன் அகப்பட்டான். எதிர்வீட்டு நாய். காமிரா மாட்டின செலவுக்கு அந்த நாய்க்கே மாதம் பூராவும் பால் வாங்கி ஊற்றியிருக்கலாம் என்று என் வீட்டுக்காரி சிரித்தாள். கழற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அது வேறு வேலைக்குப் பழகிவிட்டது.

காமிராவில் தெரிகிறதெல்லாம் உள் அறையில் இருக்கிற கம்ப்யூட்டரில் தெரியும். அந்தக் கம்ப்யூட்டர் என் மகள் புனேக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. நான் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். காலையில் சுடலைமணி காய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். முன்பெல்லாம் என் வீட்டுக்காரி உள்ளே வந்து, இன்றைக்கு என்ன வாங்கட்டும் என்று கேட்பாள். நான் எது வேண்டுமானாலும் என்பேன். அவளுக்கு அது பிடிக்காது. ஒரு நாள் வண்டிப் பக்கத்தில் நின்றபடியே வலது கையில் கத்தரிக்காயையும் இடது கையில் புடலங்காயையும் தூக்கிக் காமிராவுக்குக் காட்டினாள். நான் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் வழியாகக் கத்திச் சொல்ல எனக்குக் கூச்சம். தெருவில் நாலு பேர் நிற்பார்கள். கை பக்கத்தில் வாசல் விளக்கின் சுவிட்ச் இருந்தது. ஒரு தடவை போட்டு அணைத்தேன். அவள் கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அதுதான் முறை. ஒரு தடவை என்றால் வலது கை, இரண்டு தடவை என்றால் இடது கை. காய்க்கு மட்டும் இல்லை. தபால் வந்தால் காட்டுவாள். கொடியில் காய்கிற சட்டையைக் காட்டுவாள், கிழிந்திருக்கிறதே, தூரப் போடட்டுமா என்று. சும்மா ஒன்றைக் காட்டினால் ஒரு தடவை போட்டால் போதும், பார்த்துவிட்டேன், சரி என்று அர்த்தம். நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது இல்லை. அதுவாக வந்தது.

சுடலைமணிக்கு இது பெரிய வேடிக்கை. "என்னக்கா, ஒங்க வீட்டுக்காரர் ரயிலுக்கா சிக்னல் போடுதாரு? நான் வண்டிய எடுக்கவா, நிக்கவா?" என்பான்.

"நீ நில்லு. அவரு கத்தரிக்காய்க்கு ரோசன பண்ணுதாரு" என்பாள் அவள்.

கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஒன்றரை வருஷத்தில் நாங்கள் பேசினது அதற்கு முன்னால் பேசினதைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் காட்டுவதை நான் ஒருநாளும் விட்டதில்லை. உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். போன மாதம் கடைசியில் ஒரு நாள், வாசல் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கிக் காமிராவுக்குக் காட்டினாள். செருப்பு வார் காலில் பதிந்து கிடந்தது. நான் விளக்கை ஒரு தடவை போட்டேன். அவள் காலை இறக்கவில்லை, அப்படியே கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை போட்டேன். அப்புறம் இறக்கிவிட்டாள். மறுநாளே பஜாருக்குப் போய் ஒரு சைஸ் பெரிய செருப்பாக வாங்கி வந்தேன். வார் அகலமானது, உள்ளே மெத்தை வைத்தது. பார்த்துவிட்டு அவள் என் முகத்தையே பார்த்தாள். "செருப்பா?" என்றாள். பிறகு வாங்கிப் போட்டுக்கொண்டாள். நடக்கும்போது மூச்சு வாங்குகிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். புதுச் செருப்பு பழகுகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், கொஞ்ச நாளாகக் கால் வீக்கம் இருந்ததா என்று. இல்லை ஐயா, செருப்புதான் இறுக்கமாக இருந்தது, அதை மாற்றிவிட்டோம் என்றேன். அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டார். டாக்டர்கள் நாம் சொல்வதை எங்கே காதில் வாங்குகிறார்கள்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். மூச்சு முட்டுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். அவளை வாசல் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தெருமுனைக்கு ஆட்டோ பிடிக்கப் போனேன். ஸ்டாண்டில் வண்டி இல்லை. மெயின் ரோட்டுக்குப் போய்க் கூட்டிவந்தேன். திரும்பி வந்தபோது அவள் காமிராவை அண்ணாந்து பார்த்தபடி வலது கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ சத்தம் கேட்டதும் கையை மடியில் போட்டுக்கொண்டாள். கைக்குள் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஏற்றுகிற அவசரம். சனிக்கிழமை விடியும்போது ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள்.

இப்போது உங்களுக்குப் புரியும். நான் தெருவில் நிற்கிறேன். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் யாரும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எதையோ காட்டியிருக்கிறாள். விளக்கு எரியவில்லை. நான் வருகிற வரைக்கும் கையை இறக்காமல் இருந்திருக்கிறாள். என்ன காட்டினாள்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். சோறு இறங்கவில்லை, அதனால்தான்.

காமிரா பிடித்த படமெல்லாம் ஒரு பெட்டிக்குள் சேரும். மாட்டின ஆள் அன்றைக்கே சொல்லியிருந்தார். "பதினாறு நாள் வச்சிருக்கும் சார். அதுக்கப்புறம் பழசு மேல புதுசு ஏறிடும்." அப்போது அது எனக்கு வெறும் கணக்கு. சாவு வீட்டில் மூன்றாம் நாள் யாரோ பதினாறுக்கு எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டார்கள். எனக்குப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு அவளுக்குப் பெட்டிக்குள் இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுநாள் பதினொன்றாகிவிடும்.

அன்றைக்கே ஆள் அனுப்பி இந்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கினேன். எழவு வீட்டில் பெட்டி பிரிக்கிறான் பார் என்று என் காதுபடவே சொன்னார்கள். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரிலிருந்து ஹார்ட் டிஸ்க் என்று ஒயர் போட்டு, ஆக முந்தின நாளிலிருந்து காப்பி எடுக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் படம் முழுக்க ஒரே கோப்பு. அந்தப் பச்சைக் கோடு நகரவே இல்லை. ஒரு நாளை எடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்கிறது. அங்கே பெட்டி அதே நாளை அழித்துக்கொண்டிருக்கிறது. பாதி போகும்போது, கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிடும். எடுத்த பாதியும் மிஞ்சாது. அடுத்த நாளை ஆரம்பித்தால் மறுபடியும் அதே கதை. அழிக்கிறவனும் எடுக்கிறவனும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறார்கள், அழிக்கிறவன் எப்போதும் ஒரு எட்டு முன்னால்.

ஏன் வியாழக்கிழமையை முதலில் எடுக்கவில்லை என்கிறீர்களா? மாட்டின ஆளும் போனில் அதைத்தான் கேட்டார். பண்டல் எண்ணுகிறவன் நடுவிலிருந்து எண்ண மாட்டான் என்றேன். கடைசி நாளை மட்டும் உருவி எடுத்தால் முன்னால் உள்ள நாளெல்லாம் என்ன ஆவது? அதிலும் அவள்தானே இருக்கிறாள். சும்மா திரையில் போட்டுப் பார்த்திருக்கலாம் என்பதும் சரிதான். காப்பி ஓடும்போது பழைய படத்தைப் போட்டால் காப்பி நின்றுவிடும். அது ஒரு காரணம். வரிசை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இருங்கள், என் கம்ப்யூட்டரைப் பார்க்கிற அந்தக் கடைப் பெண் கூப்பிடுகிறாள். இதோ வந்துவிடுகிறேன்.

நல்ல பெண். ஜெஸிந்தா என்று பேர். நோய் பிடிபட்டுவிட்டதாம். திரையில் ஒரு பட்டியலைக் காட்டினாள். அதில் ஒரு வரியில் மட்டும் மஞ்சள் முக்கோணம், உள்ளே ஆச்சரியக்குறி. அந்த நீல ஓட்டைக்கு டிரைவர் இல்லையாம். எனக்குத் தெரிந்த டிரைவர் பஸ் ஓட்டுகிறவர். இது வேறு. "டிரைவர்னா நடுவுல இருந்து பேசுற ஆளு ஐயா. கம்ப்யூட்டரும் நல்லாத்தான் இருக்கு, ஹார்ட் டிஸ்க்கும் நல்லாத்தான் இருக்கு. இது சொல்றது அதுக்குப் போய்ச் சேரல" என்றாள். என் மகள் ஆளை வைத்து விண்டோஸை மாற்றினபோது அதை ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். பாருங்கள், யாரோ எப்போதோ செய்த கோளாறு, கடைசியில் நான் உட்கார்ந்து அனுபவிக்கிறேன். இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறாள். சரியாகிவிட்டால் ஒரு நாள் படம் பத்து நிமிஷத்தில் வந்துவிடுமாம்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் ஏதோ கேட்க நினைக்கிறீர்கள். கேளுங்கள்.

பெட்டியை நிறுத்திவிட்டுக் காப்பி எடுத்திருக்கலாமே என்றுதானே? காமிரா ஓடினால்தானே புதுசு ஏறும், பழசு அழியும். நிறுத்திவிட்டால் அவள் பாட்டுக்கு உள்ளே இருப்பாள். அது எனக்கும் தெரியும். மாட்டின ஆளும் சொன்னார், முதல் வேலையாக ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள் என்று. சரி சரி என்றேன். நிறுத்தவில்லை.

எப்படி நிறுத்துவது? பதினாறு வரைக்கும் போனவர்கள் வீட்டைச் சுற்றித்தான் இருப்பார்கள். உங்கள் பக்கத்திலும் அப்படித்தானே சொல்வார்கள்? அவள் படுத்த இடத்தில் விளக்கு ஏற்றிவைத்திருக்கிறோம், அது அணையக் கூடாது என்று அக்கா இரண்டு வேளையும் எண்ணெய் விடுகிறாள். எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. பதினாறுக்கு முந்தின நாள் பச்சரிசி மாவு அரைத்து, படையல் வைத்து, நிலைப்படியில் மாவைச் சலித்துத் தூவிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். காலையில் மாவில் தடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் அப்பாவுக்குப் பார்த்தார்கள். பூனைத் தடம் மாதிரி இருந்தது. அப்பாதான் என்றார்கள். நான் அதை நம்புகிறவனும் இல்லை, நம்பாதவனும் இல்லை. ஆனால் மாவைவிடக் காமிரா துல்லியம். வந்தால் அதில் விழாமல் போகாது. அவள் வந்து எதையாவது காட்டி, நான் பெட்டியை நிறுத்திவைத்திருந்தேன் என்றால் என்ன ஆகும்? ஏற்கெனவே ஒரு தடவை விளக்கு எரியவில்லை.

அதனால் ராப்பகலாக ஓடவிட்டிருக்கிறேன். வாசல், நாற்காலி, செருப்பு. அந்தச் செருப்பை அவள் ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போகவில்லை. நாற்காலிக்குக் கீழே அப்படியே கிடக்கிறது. யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

ஒரு நாள் காலையில் அது தரைக்கல்லில் ஒரு கல் தள்ளிக் கிடந்தது. நான் வைத்த கண் வாங்காமல் பார்க்கிறவன், எனக்குத் தெரியாதா? பெருக்கினாயா என்று அக்காவைக் கேட்டேன். தீட்டு வீட்டில் வாசல் பெருக்குவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். படத்தைப் போட்டுப் பார்த்தேன். பார்த்ததால் அன்றைய காப்பி நின்றுபோனது, பரவாயில்லை. முதல் நொடியில் செருப்பு இந்தக் கல்லில் இருக்கிறது. அடுத்த நொடியில் அந்தக் கல்லில் இருக்கிறது. நடுவில் படமே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். காற்று இல்லை, நாய் இல்லை, கொடியில் கிடந்த துண்டு அசையவில்லை. செருப்பு மட்டும் தள்ளியிருக்கிறது. மாட்டின ஆளிடம் சொன்னதற்கு, காப்பி ஓடுவதால் பெட்டிக்குப் பாரம் அதிகம், நடுநடுவே சில நிமிஷம் விட்டுவிடும் சார் என்றார். அந்தச் சில நிமிஷம்தான் எனக்கு வேண்டியது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மற்றபடி ஒன்றும் விழவில்லை. வெயில் வருகிறது, போகிறது. காலி நாற்காலியின் நிழல் சுற்றிவருகிறது. சுடலைமணி வண்டியைக் கேட் முன்னால் நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறான். ஒரு நாள் கையில் ஒரு கத்தரிக்காயை எடுத்து, காமிராவைப் பார்த்துவிட்டு, கீழே வைத்துவிட்டான்.

ஆமாம். நீங்கள் சொல்வது கணக்குதான். ஒவ்வொரு காலி நாளும் அவள் இருந்த ஒரு நாளின் மேல் ஏறியிருக்கிறது. அவள் கோலம் போட்ட நாள் மேல் யாரும் கோலம் போடாத நாள். காலைக் காட்டின நாளும் போய்விட்டது. டிரைவர் ஒழுங்காக இருந்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும், பழசும் புதுசும். எல்லாம் அந்த மஞ்சள் முக்கோணம் செய்தது.

இப்போது மிச்சம் இருக்கிறது அந்த வியாழக்கிழமை மட்டும்தான். இன்றைக்கு அதன் முறை.

மணி என்ன? பன்னிரண்டரையா? எதற்கு எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். நாலு மணிப் படம் நாலு மணிக்குத்தான் அழியும். ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால் இரண்டுக்கு வீட்டில் இருப்பேன். பஸ் வரவில்லை என்றாலா? வரும். வராமலும் இருக்கும், மினி பஸ்தானே.

ஜெஸிந்தா கூப்பிடுகிறாள். நீங்களும் வருகிறீர்களா? வாருங்கள்.

பார்த்தீர்களா, முக்கோணம் போய்விட்டது. ஒரு சினிமாவை ஏற்றிக் காட்டினாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் முழுதாகப் போய்விட்டது. பன்னிரண்டு நாளாக இதைத்தான் நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம். அந்தப் பெண் பதறிவிட்டாள், பாருங்கள். "என்ன ஐயா, பெட்டிய ஓடவிட்டுட்டா வந்தீங்க? வீட்ல ஆள் இருக்காங்கல்ல? இப்பவே போன் போட்டு பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க."

பிடுங்கினால் இன்றைக்கு ஓடாதே அம்மா, இன்றைக்குத்தானே முக்கியமான நாள் என்றேன். அவளுக்கு என்ன தெரியும்? உங்களுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு மாவு தூவுகிற நாள். வந்தால் இன்றைக்கு வருவாள். நாளைக்குப் பதினாறு முடிந்து அனுப்பிவிடுவார்கள். வந்ததைப் பார்க்க வேண்டுமா, போனதைப் பார்க்க வேண்டுமா? இரண்டில் எது என்று இரண்டு கையிலும் தூக்கிக் காட்டிக் கேட்க அவளும் இல்லை.

சரி. போன் போடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் இப்படிப் பார்த்தால் நான் என்ன செய்வது? கொஞ்சம் தள்ளி நின்று பேசிவிட்டு வருகிறேன், ஆள் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பேச வராது.

பேசிவிட்டேன்.

எப்படிச் சொல்ல? எங்கள் வீட்டு அடுப்படி பிளக் கொஞ்ச நாளாகவே வேலை செய்யவில்லை. மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று நான் மாற்றவில்லை. காலையில் நான் இந்தப் பக்கம் கிளம்பினதும் அக்கா பச்சரிசியை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைச் சொருகி மாவு அரைத்திருக்கிறாள். அரைத்தவள் திரும்ப மாட்டவில்லை. ஒன்பது மணிக்கே பெட்டி நின்றுபோயிருக்கிறது.

ஆமாம், வியாழக்கிழமை சாயங்காலம் அப்படியே இருக்கிறது. யாரும் அதன் மேல் ஏறவில்லை.

ஜெஸிந்தா சிலுவை போட்டுக்கொள்கிறாள். எனக்கு முதலில் அதெல்லாம் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. "காலையிலருந்து வாசல யாருக்கா பாத்தது?" என்று கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அக்கா சல்லடையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "நான்தான் பாத்துக்கிட்டிருக்கேன் தம்பி. மாவச் சலிச்சிக்கிட்டு வாசல்லதான் உக்காந்திருக்கேன். எங்கயும் போகல" என்றாள். எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அவளும் வேலுத்தாயும் ஒரு கல்யாணச் சீர்த் தகராறில் மூன்று வருஷம் பேசாமல் இருந்தவர்கள். "அந்த ஒயர மாட்டணுமா? சொல்லு, மாட்டிருதேன். எந்த ஓட்டைன்னு சொல்லு" என்றாள்.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அங்கே அவள் எழுந்து உள்ளே நடக்கிற சத்தம் கேட்டது. முழங்கால் வலிக்காரி, சுவரைத் தட்டித் தட்டி நடப்பாள். அறைக்குள் வந்துவிட்டாள். "தம்பி, இருக்கியா?" என்றாள். ஒரு ஒயர்தான். சொருகச் சொன்னால் சொருகிவிடுவாள்.

"வேண்டாம்க்கா. கெடக்கட்டும்" என்றேன். "நீ வாசல்லயே இரு. மாவத் தூவுறதுக்குள்ள வந்துருதேன்."

அவ்வளவுதான் பேசினேன். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கொஞ்சம் பஸ் வரைக்கும் பிடிக்கிறீர்களா? ஹார்ட் டிஸ்க்கை நானே வைத்துக்கொள்கிறேன். ஒயரைச் சுற்றாமல்.

வீட்டுக்குப் போனதும் காப்பி எடுக்க வேண்டும். பத்து நிமிஷம் என்கிறாள். எடுத்த பிறகுதான் பார்ப்பேன். நாலு மணிக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டுபோய், அவள் கையைத் தூக்குகிற இடத்தில் நிறுத்த வேண்டும். சுவிட்ச் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். எனக்குத் தெரிந்து அது செருப்பாகத்தான் இருக்கும். கழற்றிக் கையில் பிடித்துக் காட்டியிருப்பாள். அவ்வளவு அலைந்து வாங்கி வந்தேன், காலுக்குச் சரியாக இருக்கிறதா என்று அவள் கடைசிவரை சொல்லவே இல்லை. அதைத்தான் சொல்லியிருப்பாள். அதற்கு ஒரு தடவை போட்டால் போதும்.